பதினோராம் பக்கம்

ஒருரோ ரயில் நிலையத்தில்
வெள்ளீயத் தாது மூட்டைகளை நிறுத்தவன் நான்.
எழுதுவது அந்தப் பழக்கத்தில்தான், வேறு பெருமை இல்லை.
இந்த நோட்டு ஒரு பராகுவே மருந்துக்கடையின்
கடன் கணக்கு.
முன்பாதியில் யார் யாரோ வாங்கிய குயினைன்.
பின்பாதியில் நான்.

பிப்ரவரி 1935. அசுன்சியோன்.
காலை, மரவள்ளிக் கிழங்கு ஒன்று.
மதியம், மரவள்ளிக் கிழங்கு அரை.
துறைமுகத்திலிருந்து மேடேறும் தெருவில்
கல் பதிக்கிறோம்.
ஒரு கல் ஏழு கிலோ. கை பொய் சொல்லாது.
எதிரியின் தெருதான்.
ஆனாலும் கோணலாய் ஒன்று கிடந்தால்
பெயர்த்தெடுத்து மறுபடி வைக்கிறேன்.
ஏனென்று தெரியவில்லை.

காவலன் பெயர் பெனிக்னோ ஒவேலார்.
அவன் மொழி குவரானி, என் மொழி அய்மாரா.
நடுவில் கொஞ்சம் ஸ்பானிஷ்,
ஒரே ஜோடிச் செருப்பை
இருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதுபோல.
அவனிடம் புகையிலை உண்டு, சுருட்டத் தாள் இல்லை.
பக்கம் ஒன்றுக்கு ஆரஞ்சு இரண்டு என்று பேசினோம்.
மருந்துக் கணக்கு முதலில் போயிற்று.
பிறகு என் நாட்கள்.
எழுதிய தாளா வெற்றுத் தாளா என்று
அவன் பார்ப்பதில்லை.
மை இருந்தால் கொஞ்சம் கசக்கும் என்கிறான், அவ்வளவே.

மார்ச்.
இன்று பதினோராம் பக்கம்.
அவன் கேட்கவில்லை, நானே கிழித்துக் கொடுத்தேன்.
நாக்கால் நனைத்துச் சுருட்டி
சுவரில் சாய்ந்து
ஐந்து இழுப்பில் முடித்தான் என் டிசம்பர் ஒன்பதை.
ஆரஞ்சு இரண்டும் புளிப்பு.

ஏப்ரல். மழை.
புகைத்தவன் குறட்டை விடுகிறான்.
மனப்பாடமானதை எரித்து என்ன ஆகப்போகிறது?
சரி, மறுபடியும்.

டிசம்பர் ஒன்பது. சாக்கோ, முட்காடு.
மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை.
லாரி வரும் வரும் என்று
கேப்டன் எங்களுக்குத் தண்ணி காட்டினார்.
சிலர் வேரைத் தோண்டிச் சப்பினார்கள்.
ஒருவன் துப்பாக்கிக் குழலை நக்கிக்கொண்டிருந்தான்,
இரும்பு குளிர்ச்சி என்று.
நிக்கானோர் சோக்கே
கெப்ராச்சோ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.
கால் வரவில்லை என்றான்.
இருக்கிறதா என்று கேட்டான்.
இல்லை என்றேன்,
சத்தம் வராதபடி குப்பியை இடுப்போடு அழுத்திக்கொண்டு.
நூறு கிராம் இருந்தது.
நிறுப்பவனுக்குத் தெரியாதா?
தேடிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி நடந்தேன்.
மரம் மறைந்ததும் குடித்தேன்.
பிறகு இன்னும் நடந்து, கைகளைத் தூக்கினேன்.

எனக்குத் தண்ணீர் தந்தவன் எதிரி.
குடித்தேன். மூச்சு வாங்கினேன். குடித்தேன்.
வாய் காலியான பிறகுதான்
இன்னொருவன் இருக்கிறான் என்று சொல்ல வந்தது.
எந்தப் பக்கம் என்றார்கள்.
நான் விரல் நீட்டிய பக்கமெல்லாம் ஒரே முள்.

மே.
ஒன்றுமில்லை. இருநூற்று அறுபது கற்கள்.

ஜூன் பதினான்கு.
கோயில் மணிகள் விடாமல் அடிக்கின்றன.
போர் நின்றதாம்.
கல் பதிப்பது நிற்கவில்லை.
பெனிக்னோ குடித்திருக்கிறான்.
தாள் கொடு, கொண்டாட வேண்டும் என்றான்.
மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.
என்ன எழுதியிருக்கிறாய், யாருக்கு என்றான்.
முதல் தடவையாகக் கேட்கிறான்.
படித்துக் காட்டினேன், எங்கள் பொதுச் செருப்பில் தடுக்கித் தடுக்கி.
பாதி புரிந்திருக்கும்.
நூறு கிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டான்.
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன்.
அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு தாளை வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு
போய்விட்டான்.

இரவு முற்றத்தில் அவன் புகைத்தான்.
எந்தத் தாளை என்று
இருட்டில் தெரியவில்லை.

விடிந்தபோது என் பாயருகே ஆரஞ்சு மூன்று.
பேசியது இரண்டு.
இந்த நோட்டின் அட்டையில் எழுதுகிறேன், வேறு இடமில்லை.
இரண்டைத் தின்றுவிட்டேன்.
மூன்றாவது கையில் இருக்கிறது.
இருநூறு கிராம் இருக்கும், கொஞ்சம் கூடவோ குறையவோ.
இன்று ஏனோ
கை சரியாகச் சொல்லவில்லை.