அஞ்சு ரூபாய் அபராதம்

களிமண்குண்டில் பாசி எடை போடும் கொட்டகை.
சோழகம் மணலை வாரித் தகரத்தில் இறைக்கிற ராத்திரி.
தராசைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
பதினேழு பேர் உட்கார்ந்தோம்.
சட்டம் ஒன்றுதான்:
'அந்தக் காலத்துல' என்று ஆரம்பிக்கிறவள்
பால்மாவு டப்பாவில் அஞ்சு ரூபாய் போடணும்.

அந்தக் காலம் எல்லாரிடமும் இருக்கிறது,
அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ததில்லை.
எந்தப் பார், என்ன காற்று,
தண்ணீர் முழங்காலா, இடுப்பா,
கையில் என்ன பட்டது,
அதைச் சொல்.

முதல் ராத்திரியே டப்பாவில் அறுபத்தைந்து ரூபாய்.

மறுநாள் ஞானசௌந்தரி சொன்னாள்:
"சித்திரை எட்டு. தலையாரித் தீவுக்குத் தெற்கே.
காற்று செத்துக் கிடந்துச்சு.
முங்குனேன்.
மேல்தண்ணி சுட்டாலும் கீழே ஒரு இடத்தில்
சில்லுன்னு நெற்றியில் படுமே,
அந்த இடம் வரவே இல்லை.
தரை வரைக்கும் ஒரே சூடு.
ஆறாத கஞ்சிக்குள்ள தலையை விட்ட மாதிரி."

யாரும் பேசவில்லை.
அந்த இடத்தைத் தேடி
நாங்கள் எல்லாருமே முங்கியிருந்தோம்.
மாசம் நிற்கிற வயசு, உடம்புச் சூடு என்று
அவளவள் தனக்குள் வைத்திருந்தாள்.

பிறகு வரிசை இல்லாமல் வந்தன.
மரிக்கொழுந்துப் பாசி கையோடு கூழாய்க் கரைந்தது.
வெளுத்த கல்லை மண்டையோடு என்று பயந்து
ஹமீதா படகுக்கு நீந்தியது.
சிரித்தோம். பாதியில் நிறுத்தினோம்.

எட்டாம் ராத்திரி, இருட்டில் யாரோ கேட்டாள்:
கல்லுக்கு நிறம் திரும்புகிற வரைக்கும்
அதை விட்டுவைத்தால் என்ன?

முத்திருளாயி எழுந்தாள்.
"என் கதையையும் கேளுங்க. இது இன்னைக்குக் கதை, அபராதம் கிடையாது.
குழுக்கடன் வாரம் எழுநூற்றைம்பது.
செவ்வாய் பத்து மணிக்கு வாசலில் வண்டி நிற்கும்.
கல்லுக்கு ஓய்வு குடுக்கலாம்.
செவ்வாய்க்கிழமைக்கு யாரு ஓய்வு குடுப்பா?"

அதையும் நோட்டில் எழுதினேன்.
பதிலுக்கு நாலு வரி இடம் விட்டேன்.
இன்னும் அப்படியே இருக்கிறது.

மே ஒன்று கிராம சபைக்கு
மனு கொண்டுபோகவில்லை, நோட்டை வாசித்தோம்.
எந்தத் தலைப்பில் பதிவது என்றார் செயலர்.
'தண்ணி சுட்டுச்சு'ன்னு போடுங்க என்றாள் ஹமீதா.
அவர் 'இதர பொருள்' என்று போட்டார்.
பதினாறு கை தூக்கியது.
டப்பாவில் இருநூற்றுப் பதினைந்து ரூபாய்,
ஒரு செவ்வாய்க்கும் காணாது.

மூன்றாம் நாள் விடியுமுன்
சாக்கோடு கடலில் இறங்கினாள் முத்திருளாயி.
பார்த்தோம். தடுக்கவில்லை.
வெயில் ஏறித் திரும்பினாள்.
சாக்கு மடித்தது மடித்தபடி, கக்கத்தில்.
நேரே கொட்டகைக்கு வந்து
டப்பாவில் ஒரு அஞ்சு ரூபாயைப் போட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"சொல்லப்போறேன், எழுது.
அந்தக் காலத்துல
அந்தக் கல்லுல நான் பாசி எடுத்தேன்.
அந்தக் காலம்னா
போன செவ்வாய்க்கிழமை."