எந்த விரல்

"கைவிரல் நசுங்கல். தையல் ஆறு."
டாக்டர் ஜெபசிங் எழுதியது இவ்வளவுதான்,
மதியம் இரண்டே காலுக்கு,
மை வராத இடங்களில் தாளில் பள்ளம் மட்டும்.

ஆள்: தாசையன், ஐம்பத்தொன்று, அருமனை.
உறைந்த ரப்பர்பாலை உருளைக்குக் கொடுத்தார்.
உருளை கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தின் நிழல் விழும் ஆஸ்பத்திரியில்,
மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து
காயங்களுக்கு எண் போடுகிறவள் நான்.

என் பட்டியல் துருவித் துருவிக் கேட்கும்:
எந்தக் கை, எந்த விரல், எலும்பு உடைந்ததா,
நகம் போயிற்றா, முதல் முறையா, கட்டு மாற்ற வந்ததா.
'குறிப்பிடப்படாத விரல்' என்றும் ஓர் எண் உண்டு.
போட்டால் இன்சூரன்ஸ்காரர்
மூன்றே நாளில் திருப்பி அனுப்புவார்.

காலிடம் அதற்குக் கொஞ்சம் இரக்கம்.
பெருவிரலைத் தனியே விசாரித்துவிட்டு
மற்ற நான்கையும் 'சிறுவிரல்கள்' என்று விட்டுவிடும்.
கைக்கு அந்தச் சலுகை இல்லை.

பில்லைப் புரட்டினேன்.
மோதிரம் வெட்டி எடுத்தது: நூற்றைம்பது ரூபாய்.
கல்யாண மோதிரம். இடது கை. மோதிர விரல்.
வேறெங்கே போடுவார்கள்?
ஐந்தில் முடியும் எண்ணைத் தட்டிவிட்டேன்.
எண்டர் மேல் என் விரல்,
வலது, சுட்டு விரல்,
அழுத்தாமல் நின்றது.

எக்ஸ்ரே மேசையோரம்தான் கிடந்தது.
படத்தைப் பார்த்து எண் போட எனக்கு உரிமையில்லை.
எழுத்தில் வேண்டும், எழுத வேண்டியவர் எழுத வேண்டும்.

அழித்தேன்.
மஞ்சள் சீட்டில் கேட்டேன்: "எந்தக் கை, எந்த விரல்?"
"இடதுதானே டாக்டர்?" என்று கேட்கக் கூடாது.
கேள்விக்குள் பதிலைச் சுருட்டிக் கொடுப்பதும்
ஒருவகைப் பொய்தான்.

இரண்டு நாள் பதிலில்லை.
பில்லிங் பிரின்ஸி வந்து வந்து நின்றாள்:
"ஏதாவது ஒண்ணப் போடுக்கா, பத்துல ஒரு வெரலுதானே."

மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்தார் தாசையன்.
டாக்டர் வரி சேர்த்தார், தேதி நேரம் கையெழுத்துடன்:
வலது. நடுவிரல். எலும்பு முறிவில்லை. நகம் போயிற்று.

வெளியே பெஞ்சில் அவர் யாரிடமோ:
"சர்க்கரை வந்து மெலிஞ்சு போனேன்லா,
மோதிரம் ஊரி ஊரி விழும்.
அதான் வலத்தே பாம்புவெரலுக்கு மாத்தினது.
அவ போனதுக்குப் பெறவு
அதையும் தொலைச்சிரப்பிடாதுன்னு."

இரண்டில் முடித்தேன்.
வால் எழுத்து, முதல் வருகைக்கு ஒன்று.
இன்றைய சீட்டுக்கு அதே எண், வேறு வால்.
எண்டர்.

கோப்பை மூடும்போது விழுந்தது
யாரும் கேட்டு வாங்காத மாத்திரைக் கவர்.
மேலே நர்ஸின் கையெழுத்தில் 'மோதிரம் - 1'.
உள்ளே துண்டு இரண்டு.

அதை மட்டும் நான் திருத்தவில்லை.
எழுந்து பெஞ்சுக்குப் போனேன்.
இடது கையை நீட்டினார்.