பின்னுக்குப் போகாத சீட்டு

கொணவட்டத்தில் காலை பத்து மணிக்கே
தகரக் கூரை முறுக்கிக்கொண்டு சத்தம் போடும்.
அப்படி ஒரு வெயிலில் சம்பங்கி வந்தார்.
ஆறடி ஆளை நாலாய் மடித்து
ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே சொருகியது மாதிரி.
இறங்கவே ஒரு நிமிஷம் ஆனது.

"இன்னாம்மா, எலக்ட்ரீஷியன் இல்லியா?"
"நான்தான்."
"ஓ" என்றார். அந்த ஓவை
எண்ணுவதை விட்டு எனக்கு ஏழு வருஷம்.

மேல்விஷாரத்துத் தோல் முதலாளியின் கார்.
சீட்டு மட்டும் ரெக்ஸின். நான் கேட்கவில்லை.
"முன்னுக்குப் போவுது, பின்னுக்கு வரமாட்டேங்குது.
சனிக்கெழம காலைலருந்து இப்டியே ஓட்டிக்கினு கீறேன்.
ரெண்டு கடைல மோட்டாரு அவுட்டுன்னுட்டாங்கோ.
இருபத்தெட்டாயிரமாம்."

முன்னுக்குப் போகிறதென்றால்
மோட்டார் சாகவில்லை. ஃபியூஸும் சாகவில்லை.
செத்தது ஒரு திசை மட்டும்.

சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன்.
ஒரு ரூபாய்க் காசு மூன்று, ஒரு ரப்பர் பேண்டு,
மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்: பச்சை, மஞ்சள்.
சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில் படுத்திருக்கும்.
முன்னுக்குத் தள்ளினால் பச்சை எழும், மஞ்சள் வழிவிடும்.
பின்னுக்கு இழுத்தால் மஞ்சள் எழ வேண்டும்,
பச்சை வழிவிட வேண்டும்.

"பட்டனைப் பின்னால இழுத்துப் பிடிங்க."
மஞ்சளில் மீட்டர் முனையை வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி இரண்டு.
அந்த இரண்டு கடையும் இங்கேதான் நின்றிருக்கும்:
கரண்டு வருது, சுத்தல, மாத்து.
பச்சையில் வைத்தேன்.
அங்கேயும் பன்னிரண்டு புள்ளி இரண்டு.

வந்த கரண்டு மோட்டாருக்குள் புகுந்து
அந்தப் பக்கம் கதவு வரைக்கும் போய்
சாத்தியிருக்கிறதென்று நிற்கிறது.
குறை வருகிற வழியில் இல்லை. திரும்புகிற வழியில்.
இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால்
நடுவில் ஒன்றும் சுழலாது.
இறங்கிப் போக ஒரு பள்ளம் வேண்டும்.

ஸ்விட்சைக் கழற்றினேன். மூன்று ஸ்க்ரூ.
மூடியைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது,
நெய்யும் ஏலக்காயும்.
பாகு வழிந்து இறுகிய தடத்தில் எறும்புகள்.
பச்சை எர்த்தைத் தொடவேண்டிய இடத்தில்
நசுங்கிய ஒன்று, குறுக்கே படுத்து,
ஒரு காரையே மறித்துக்கொண்டு.

"ஆற்காட்டு மக்கன் பேடா" என்றேன்.
"நான் துன்னல" என்றார் உடனே.
நீங்கள் என்று யார் சொன்னது?
உங்கள் காலுக்கு இந்த சீட்டை
இவ்வளவு முன்னால் இழுத்திருக்கமாட்டீர்கள்.
குள்ளமான ஆள் யாரோ இழுத்தது.

சம்பங்கி டயர்மேல் உட்கார்ந்தார்.
"வெள்ளிக்கெழம எனக்கு லீவு.
அன்னிக்கு மொதலாளியே வண்டி எடுப்பாரு.
தொழுவ முட்சி எங்கியோ போறாரு, ஒரு அவர்ல வந்துர்றாரு.
சக்கரை முந்நூறுக்கு மேல.
போன வருஷம் ஆஸ்பத்திரில
ஒரு வெரல எட்த்துட்டாங்கோ."

ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தேன்.
பழைய டூத் பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள்.
பட்டனை இழுத்தார். சீட்டு முனகிக்கொண்டே
கடைசிப் பல் வரைக்கும் பின்னால் போனது.
காலை நீட்டிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

அப்போதுதான் போன். ஸ்பீக்கரில் முதலாளியம்மா.
"இன்னா கோளாறாம் சம்பங்கி?"
அவர் போனை என் பக்கம் நீட்டினார்.
"ஸ்விட்சுல எறும்புங்கம்மா."
பொய்யில்லை.
"எறும்பா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதுக்கு அங்க இன்னா வேல?"

அவர் என்னைப் பார்த்தார். நான்
பெங்களூர் ரோட்டு லாரிகளைப் பார்த்தேன்.
போனில் மூச்சு மட்டும் கேட்டது.
தெரிந்துகொண்டு கேட்கிற மூச்சு.

மஞ்சளில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
பச்சையில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.