ஏழும் கொஞ்சமும்

மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
ஃபியோர்டின் அந்தக் கரையில் மலை இருக்கிறது என்பதை
இனி மார்ச் வரை நம்பத்தான் வேண்டும்.
மீன் ஆலையிலிருந்து வந்து
மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று;
கட்டைவிரலில் இன்னும் காட் மீன்.

ரெய்க்யவிக் ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய தாள்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது:
நாளொன்றுக்கு எண்பது கிராம் புரதம்.
மென்மையாக. சர்க்கரை குறைவாக.
சிறு சிறு வேளையாக.

எழுதியவருக்கு என் ஹால்கிரீமுரைத் தெரியாது.
மீனவர் தினத்தன்று
நூற்றைம்பது கிலோ கல்லை மார்போடு அணைத்து
படகுத்துறை முழுக்க நடந்தவன்.
இறக்கி வைத்துவிட்டு,
"பாவம், இதற்குப் பசிக்குமே" என்று
கல்லைத் தட்டிக்கொடுத்தவன்.

முக்கால் வயிற்றை எடுத்த பிறகு
மீன் வேண்டாம், ஆட்டுக்கறி சூப் வேண்டாம்.
டப்பாவில் வரும் வனிலா மாவைக் கரைத்தால்
சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்:
"வெள்ளையடிக்க மிச்சம் வைத்திருக்கிறாயா?"
சாக்லேட் என்றால் சரியாம்.
நாற்பத்தாறு வயது.

முதல் நாள்
ஸ்கீரை எடுத்தேன். தயிர் என்றால் தயிரில்லை,
கரண்டியை நட்டால் விழாமல் நிற்கும்.
குளிர் போகாத அதன் தலையில்
உருக்கிய சாக்லேட்டை மொத்தமாய் ஊற்ற,
பயந்துபோய்த் திரிதிரியாய்க் கட்டிக்கொண்டது.
ஒரு வாய் வைத்துப் பார்த்து
"தெற்குக் கரை மணல்" என்றான். கறுப்பு மணல்.
இரண்டாம் நாள் வெள்ளை பீன்ஸ் வேகவைத்து அரைத்தேன்.
கணக்கு கச்சிதம்.
வாசனையில்தான் பீன்ஸ் ஒளிந்துகொள்ளத் தெரியாமல் நின்றது.
பூனையும் மோந்துவிட்டுப் போனது.

இன்று
ஸ்கீரை ஒரு மணி நேரம் ஹீட்டர்மேல் உட்காரவைத்தேன்.
பேரீச்சை இரண்டு, வெந்நீரில் ஊறி, தோல் உரிந்து, மசிந்து.
பெட்டியில் விற்கும் வெள்ளைக்கரு
நுரைக்கவே மாட்டேன் என்றது;
எலுமிச்சை ஒரு சொட்டு விட்டதும்
கோபம் தணிந்தாற்போலப் பொங்கியது.
அப்புறம்தான் புரிந்தது:
சாக்லேட்டை ஸ்கீரிடம் தள்ளிவிடக் கூடாது,
ஸ்கீரைத்தான் கரண்டி கரண்டியாய்
சாக்லேட்டிடம் கூட்டிவர வேண்டும்.
முதல் கரண்டியில் முறைத்துக்கொண்டன.
மூன்றாவதில் மினுங்கியது.

தராசு சொன்னதை எழுதிக் கூட்டினேன்.
மொத்தம் இருபது கிராம்.
அவன் வயிற்றுக்கு மூன்று கிண்ணமாய்ப் பிரித்தால்
கிண்ணத்துக்கு ஏழு, ஒரு மயிரிழை குறைய.
எண்பதை எட்டப் பன்னிரண்டு கிண்ணம்.
இந்த ஊரில் இப்போது
நாளுக்கு அத்தனை மணி வெளிச்சம்கூட இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது, புயல் எச்சரிக்கை,
படகுகள் கரையிலேயே.
ஒரு கரண்டி.
நான் திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது கரண்டி.
வழக்கமாய் இங்கேதான் கிண்ணம் மேசைக்குப் போகும்.
போகவில்லை.
அடி சுரண்டும் சத்தம்.

"கலக்கின பாத்திரத்தைக் கழுவிட்டியா?"

கழுவவில்லை.
அந்தப் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தை
மார்போடு அணைத்துக்கொண்டு,
சட்டைக்குள் தொளதொளக்கும் தோளைக் குனித்து,
சுற்றுச்சுவரில் ஒட்டியதை
ஆள்காட்டி விரலால் வழித்து வழித்துத் தின்றான்.
மூக்கு நுனியில் கொஞ்சம்.
துடைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.
அந்த விரல் எடுத்ததை எந்தத் தராசில் வைப்பேன்?

"உப்பு பத்தலை" என்றான்,
நீட்டிய பாத்திரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்திரண்டு நாளாகிறது;
இன்றுதான் என் சமையலில் ஒழுங்காக ஒரு குறை.

குளிர்பெட்டித் தாளின் ஓரத்தில் எழுதினேன்:
ஐந்து மணி. ஏழு கிராம்.
பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து,
ஏழும் கொஞ்சமும் என்று திருத்தினேன்.

நாளைக்கு ஸ்கீர் வாங்க வேண்டும்.
கடை புயலுக்கு முன் மூடிவிடும்.
உப்பு இருக்கிறது.