சைடு

கிளட்ச் மிதித்தே தேய்ந்த கால் இது.
இடது.
இருபத்தொன்பது வருஷம்
மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் நடுவே
அது போட்ட கும்பிடு எத்தனை என்று
எந்த டிப்போவிலும் கணக்கில்லை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
'இடைவெளியே இல்ல பாருங்க' என்றார் டாக்டர்.
எலும்பும் எலும்பும்
மொட்டை டயரும் தாரும் போல் உரசிக்கிடந்தன.

நோகிற காலை உட்காரவைப்பதுதானே நியாயம்?
வைத்தேன், நாலு வருஷம்.
காலோடு சேர்ந்து நெஞ்சும் உட்கார்ந்துகொண்டது.
பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாச்சு.

பிசியோதெரபி அறையில் ஹெப்சிபா
முதல் நாள் முட்டியைத் தொடவே இல்லை.
கையைக் கேட்டாள்.
முழங்கைக்குக் கீழே பட்டை சுற்றிக் காற்றடித்து
ஐந்து நிமிஷம் இறுக்கிவைத்தாள்.
விரல்கள் ஊதாவாகி, மரத்து,
வேறு யாருடையவோ ஆயின.
பட்டையை விட்டதும்
தடுத்து நின்ற ரத்தம் ஒரே பாய்ச்சல்.
திரையில் கறுப்பாய் ஒரு குழாய்.
'ரத்தம் வேகமா வர்றப்ப இது கொஞ்சம் அகலணும் சார்.'
'அகலுதா?'
அவள் எண்ணை எழுதிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது.
கீழிருந்து லாரி முனகிக்கொண்டே ஏறி வரும்.
இறங்குகிறவன் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி
சக்கரம் ஓடைவிளிம்பைத் தொட நின்று
சைடு கொடுக்க வேண்டும்.
ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.
என் உடம்புக்குள்ளோ எவனோ
நடுரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டுச்
சாவியோடு டீ குடிக்கப் போயிருக்கிறான்.

வாரம் மூன்று நாள் சைக்கிள்.
சுவரைப் பார்த்து நிற்கிற சைக்கிள்.
இந்த மலையில் யார் சைக்கிள் வைத்திருந்தார்கள்?
ஏற ஆகாது, இறங்கினால் நிற்காது.
பக்கத்தில் நஞ்சியம்மா,
காரட் கழுவுகிற இடத்தில் முப்பது வருஷம்
ஈரத்தில் நின்ற முட்டிகள் இரண்டோடு.
'அறுபத்திமூணு வயசுல கத்துக்கிறேன்,
அதுவும் போகாத சைக்கிள்'
என்று சிரித்ததில் மிதி தப்பியது.

நாலே நிமிஷம்.
முட்டிக்குள் யாரோ மணல் அரைத்தார்கள்.
'பேச முடியணும், பாட முடியக் கூடாது,
அந்த வேகம் போதும்' என்றாள் ஹெப்சிபா.
அதனால் பேசினோம்.
மீட்டரில் ஓடின கிலோமீட்டரை
நான் என் ரூட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.
'இப்ப எங்க இருக்கோம்?'
'செக்போஸ்ட் இன்னும் தாண்டல.'
புதன்கிழமை குஞ்சப்பனை.
பலாப்பழ சீசன், யானை நிற்கும், ஹாரன் அடிக்காதே.
மாமரத்தில் டீக்கு நிறுத்தச் சொன்னாள்.
ஆறு நிமிஷம் பாக்கி, நிறுத்தக் கூடாது.
முள்ளூரில் பனி.
நிஜப் பனிதான், ஜன்னல் வழியே வந்துவிட்டது,
ஹெப்சிபா எழுந்து விளக்கைப் போட்டாள்.
அரவேணு வரும்போது
மார்கழிக் குளிரில் சட்டை நனைந்திருந்தது.
கோத்தகிரி சேர்ந்து, இறங்கி, மறுபடி ஏறி
மூன்று ட்ரிப் அடித்தோம்.

பன்னிரண்டாம் வாரம் திரும்பவும் பட்டை.
ஐந்து நிமிஷம், ஊதா விரல். விட்டாள்.
கறுப்புக் குழாய்
நூலளவு, இல்லை, நூலில் பாதி
அகன்றது.
உள்ளே ஒருவன் வண்டியைப் பின்னால் எடுத்து
ஓரம் கட்டுவது எனக்குக் கேட்டது,
கண்டக்டர் விசில் உட்பட.
'கொடுத்துட்டான்' என்றேன்.
'யாரு சார், என்னது?'

முட்டி பழைய முட்டிதான்.
ஆஸ்பத்திரிப் படியை நண்டு மாதிரி
பக்கவாட்டில்தான் இறங்குகிறேன்.
நஞ்சியம்மாவுக்கு எண் அவ்வளவாக ஏறவில்லை.
அதைச் சொன்னபோது அவள்
செருப்பில் ஒட்டின தேயிலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
சீட்டில் ஏறி, காலால் மிதியைத் தேடியபடி சொன்னாள்:
'இந்தத் தடவ என் வழியா விடுங்க.
கட்டபெட்டு தாண்டி, எங்க ஹட்டிக்கு.'

அங்கே பஸ் போகாதே என்றேன்.

'சைக்கிள் போகும்.'