மண்டலம் ஆ

சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது.
வையாபுரி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
"நிர்வாக வசதியை முன்னிட்டு" என்ற இடத்தில்
இரண்டு தடவையும் இருமினார்.

இனி அவர்கள் மண்டலம் அ.
ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு.
நாங்கள் மண்டலம் ஆ.
தருமபுரி, ஓசூர்,
பெயர்ப்பலகைக்கு இன்னும் பெயிண்ட் காயாத
இரண்டு புதுக் கல்லூரிகள்.

கோடு எங்கே விழுந்திருக்கிறது என்றால்
கன்னங்குறிச்சி ரோட்டில்
எங்கள் வாலிபால் கோர்ட்டுக்கும்
அவர்கள் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில்,
மேலே பாட்டில் சில்லு பதித்த
அந்த ஏழடிச் சுவர் மேலேயே.
யாரோ சேர்வராயன் மலையில் அளவுகோலை வைத்து
நேராகக் கீழே இழுத்துவிட்டார்கள்.
கை கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூட
தப்பித்திருப்போம்.

பத்தொன்பது வருஷம், பத்தொன்பது ஆட்டம்.
அவர்கள் பத்து, நாங்கள் ஒன்பது.
இந்த வருஷம் சரிக்குச் சரி ஆகியிருக்கும்.
ஆகியிருக்காது என்று ஜெசிந்தா சொல்வாள்.
சொல்லட்டும் என்றுதான்
மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ஜெசிந்தாவுக்கு இடது கை.
தோள் இறங்குவது ஒரு பக்கம், பந்து போவது மறுபக்கம்.
அவள் அடித்ததை எடுக்கப் பாய்ந்து
என் முழங்காலில் ஒரு தழும்பு,
மாங்கொட்டை அளவில்.
என்னைத் தவிர யாருக்கும் தெரியாது
அவள் அடிக்கும் முன் மூச்சைப் பிடிப்பது.
அந்தப் படிப்பை இனி எங்கே கொண்டு போய் விற்பேன்?

அந்தப் பக்கம் விழுந்த பந்து விழுந்ததுதான்.
ஆட்டத்தன்று காலையில் வரும்
காற்றில்லாமல்,
நூர்ஜகானுக்கு மார்க்கரில் மீசை வரைந்து.
நாங்களும் சும்மா இல்லை.
அவர்கள் பந்தில் நாங்கள் எழுதியவற்றை
இங்கே எழுத முடியாது.
தோற்றவர்கள் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும்,
பன்னிரண்டு பேருக்கும், காரம் தூக்கலாக.
வண்டிக்கார அண்ணன் அன்றைக்கு மட்டும்
பீட்ரூட் துருவ ஆள் வைப்பார்.

ஓசூரில் மூன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தோம்.
நல்ல பிள்ளைகள்.
தண்ணீர் கொடுத்தார்கள், கை கொடுத்தார்கள்,
"சூப்பரா ஆடினீங்க" என்றார்கள்.
ஒருத்திகூட எங்களை எருமை என்று சொல்லவில்லை.
தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து
பஸ் இரண்டு மணி நேரம் நின்றது.
கோப்பை யார் மடியில் இருக்கிறது என்று
யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை வண்டியில் ஜெசிந்தா நின்றிருந்தாள்.
"ஜெயிச்சீங்களாமே?"
"நீங்களும் ராசிபுரத்தை அடிச்சீங்களாமே?"
"ம்."
அவரவர் செட்டுக்கு அவரவர் காசு கொடுத்தோம்.
அண்ணன் சில்லறையை எண்ணாமலே
டப்பாவில் போட்டார்.

போன வியாழன்
நூர்ஜகான் அடித்த பந்து சுவர் தாண்டியது.
ஆளுக்கொரு பக்கம் போய்த் தண்ணீர் குடித்தோம்.
இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து விழுந்தது.
துடைத்திருந்தார்கள்.
காற்றுகூடக் குறையவில்லை.
"அக்கா, பந்து!" என்று
முதல் வருஷக் குரல் ஒன்று.

அக்காவாம்.

பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மீசை இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.
கோட்டுக்குப் பின்னால் போய் நின்று
இடுப்பளவு தூக்கிப் போட்டு
முழு பலத்தில் ஒரு சர்வீஸ்
சில்லுக்கு மேலே, கொட்டகைத் தகரத்தில்.

மணிச் சத்தத்தோடு சில சைக்கிள்கள் சரிந்தன.
பிறகு எதுவும் இல்லை.
மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
வலையைக் கழற்றினோம்.

இன்றைக்கு ஆறு நாள். பந்து வரவில்லை.
சார் கையிருப்பு நோட்டில் "குறைவு: 1" என்று எழுதி
காரணம் கட்டத்தில் பேனாவை நிறுத்தி
என்னைப் பார்த்தார்.

"குறையல சார்," என்றேன்.
"அந்தப் பக்கம் இருக்கு."