பெயருக்கான கட்டம்

கல்லடியில்
சனிக்கிழமை ரியூசன் முடிந்த வகுப்பறை.
கரும்பலகையில் பாதி அழிந்த இருபடிச் சமன்பாடு.
நாலு வாங்கு.
இருபது முகப் பகடை ஒன்று,
ரொய்ஸ்டன் ஒக்கர்ஸ் கொழும்பிலிருந்து
சொக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது.

தாளில் மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன்.
இனம்: டார்க் எல்ஃப். தோல்: கரி. முடி: வெள்ளை.
வயது இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு வளைகத்தி.
பெயருக்கான கட்டம் மட்டும்
மூன்று கிழமையாய் வெறும் கட்டம்.

ஃபோனில் ஒரு செயலி
பெயர் பிசைந்து தந்தது:
ட்ஸ்ர்க்ஸ்.
எழுதிப் பார்த்தேன்.
ஐந்து மெய், தலையில் புள்ளியோடு
வரிசையாய்க் கிடந்தன,
உயிர் ஒன்றுகூட இல்லை.
இந்த ஊரில் அப்படியொரு வரிசையைச்
சத்தமாய் வாசிக்க எனக்கு ஒண்ணாது.
அழித்தேன்.

கோபிதரன் பழைய இருட்டையெல்லாம் கிண்டினான்:
அல், எல்லி, யாமம், கங்குல்.
கங்குல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
"கங்காணிட தங்கச்சி மாதிரி இரிக்கிகா" என்றான்
காத்தான்குடி சிஹாம்.
எல்லி என்றால் எல்லாருக்கும் எலி.
மீன் பெயர் ஏதும் வைப்போமா என்று
கோபி தொடங்க முன்னமே தடுத்தோம்.
கடைக்குக் கடை போர்டில்
அது ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் தவளரூபி.
தவளம் என்றால் வெண்மை.
கரண்ட் இல்லாத காலம்.
குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு
அப்பா பெயரைச் சொல்லிவிட்டாராம்.
விடிந்த பிறகும் மாற்றவில்லை.
பள்ளிக்கூடம் மாற்றியது:
முதலில் தவளை,
வயது வந்ததும் கறுப்பி.
பெயருக்கும் ஆளுக்கும் நடுவில்
எவ்வளவு வெயில் அடிக்கும் என்று
எனக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தப் பிந்தல்.
இவளையாவது
பார்த்துவிட்டுக் கூப்பிட வேண்டும்.

"பேரில்லாமலே வா, பாப்பம்" என்றான் ரொய்ஸ்டன்.
குகை வாசல். கயிற்றுப் பாலம்.
உருட்டினேன்.
ஒன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு வருசம்
நிலத்துக்கடியில் உயிரோடிருந்தவள்
ஒற்றைப் பகடையில் விழுந்துகொண்டிருந்தாள்.
எவ்வளவு ஆழம் என்று அவன் சொல்லவில்லை.
"கல்லில என்ன பேர் எழுத?" என்று மட்டும் கேட்டான்.

ஒருவரும் பேசவில்லை.
கீழே ஒரு ஓட்டோ ரிவேர்ஸ் எடுக்கிற சத்தம்.

வாய் நிறைய பணிஸோடு சிஹாம் கேட்டான்:
"மறுகா?"

பிறகென்ன, என்று அர்த்தம்.
வங்கியில் காசு எண்ணுகிறவர்
தலை நிமிராமல் கேட்பது.
செத்த வீட்டில் கதை இடையில் அறுந்தால்
பாய் நுனியிலிருந்து யாரோ கேட்பது.

வாங்கில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள்ளிருந்து,
கொக்குவிலில் இருந்துகொண்டு எங்களோடு விளையாடும்
ஆரூரன் தலையை நீட்டினான்.
"மறுகாவோ? சோக்கான பேர்.
அசல் எல்ஃப் பாசை மாதிரியே கிடக்கு.
எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

சிரித்த சிரிப்பில் வாங்கு ஆடி
பகடை தானாய் உருண்டது.
பதினேழு.
இது கணக்கில்லை என்றான் ரொய்ஸ்டன்.
ஆரூரன் இன்னும் விளங்காமல் முழிப்பதைப் பார்த்து
சரி, கணக்கு என்றான்.

எழுதினேன்.
மூன்றே எழுத்து. மூன்றும் உயிர்மெய்.
பாறை விளிம்பில்
ஒரு கறுத்த கை பிடித்துவிட்டது,
அதன்மேல் வெள்ளை முடி வந்து விழுந்தது.

இப்போது வேறொரு சிக்கல்.
"மறுகா?" என்று ரொய்ஸ்டன் கேட்கும்போதெல்லாம்
கதையைக் கேட்கிறானா
என்னைக் கூப்பிடுகிறானா
தெரிவதில்லை.

இரண்டுக்கும்
கத்தியை உருவுகிறேன்.